குடிநோயின் கடைசிக் கட்டம்: இல்லறத்துணை அறிய வேண்டிய உடற்குறிகள்

நோய்களுள் பெரும்பாலானவற்றை முதலில் அறிபவர் நோயாளியே. அவருக்கு வலிக்கிறது, காய்கிறது, மூச்சு முட்டுகிறது, அதனால் அவரே வைத்தியரைத் தேடிச் செல்கிறார். குடிநோயின் கடைசிக் கட்டமோ இந்தப் பொது விதிக்கு விலக்கானது. அதில் கெட்டுப்போகும் உறுப்புகளுள் மூளையும் ஒன்றாதலால், தன் சரீரத்தில் நேரும் மாறுதலைக் கண்டுகொள்ளும் ஆற்றலே நோயாளியிடமிருந்து நழுவிவிடுகிறது. கண்டாலும், கண்டதை ஒப்புக்கொண்டால் குடியைக் கைவிட வேண்டியிருக்குமே என்னும் அச்சம் அவர் வாயை அடைத்துவிடுகிறது. ஆகவே, அவரோடு ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கி, அவர் துணியைத் துவைத்து, அவருடைய நடையையும் குரலையும் பல்லாண்டு பழகியிருக்கும் மனைவியே, சில இல்லங்களில் கணவரே, இந்நோய்க்கு முதல் சாட்சியாகிறார்.

ஆனால் அந்தச் சாட்சியின் கண்ணை மறைக்கும் திரை ஒன்று உண்டு. குடிப்பவர் தள்ளாடினால் போதை, உளறினால் போதை, பகலெல்லாம் தூங்கினால் போதை, எழுப்பினாலும் எழாவிட்டால் அதுவும் போதை என்று பல்லாண்டுப் பழக்கத்தால் மனம் தானாகவே தீர்ப்பளித்துவிடுகிறது. முற்றிய நிலையில் அந்தத் தீர்ப்பு பலமுறை தவறாகிறது. ஈரல் செயலிழந்து மூளை மயங்கியிருப்பவரும், தலைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருப்பவரும், ரத்தத்தில் சர்க்கரை வற்றிப்போனவரும் பார்வைக்குப் போதையில் கிடப்பவரைப் போலவே தோன்றுவர். போதையையும் நோயையும் பிரித்தறியும் திறமை வீட்டிலுள்ளோருக்கு வந்துவிட்டால், மருத்துவமனையின் வாசலுக்கு இரண்டு மூன்று நாள் தாமதமாக வந்து உயிரிழப்போர் பலரைக் காப்பாற்றிவிடலாம் என்பதே இந்த அத்தியாயம் சொல்ல விரும்பும் செய்தி.

கல்லீரலும் அதன் மௌனமும்

வலது விலாவின் கீழே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோகிராம் எடையுடன் அமைந்திருக்கும் கல்லீரல், குடலிலிருந்து வரும் ரத்தம் உடலெங்கும் பரவுமுன் அதைச் சோதித்து அனுப்பும் உறுப்பாகும். ஆகாரத்தின் சத்தைச் சேமிப்பதும், ரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களை ஆக்குவதும், ரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்துவைக்கும் ஆல்புமினை உற்பத்தி செய்வதும், பித்தத்தைச் சுரப்பதும், நஞ்சை மாற்றி வெளியேற்றுவதும் அதன் தொழில்களுள் சில. மதுவை எரிக்கும் வேலையும் பெரும்பாலும் அதன் தலையிலேயே விழுகிறது. நம் நாட்டுக் கடைகளில் விற்கும் பிராந்தி, விஸ்கி முதலியவற்றில் நூற்றுக்கு 42.8 பங்கு ஆல்கஹால் உண்டு. அந்தக் கணக்கில் 180 மில்லிலிட்டர் கொண்ட ஒரு குவார்ட்டர் பாட்டிலில் இருப்பது ஏறக்குறைய 60 கிராம். ஆரோக்கியமான கல்லீரல் ஒரு மணி நேரத்தில் எரிக்கக்கூடியதோ 7 முதல் 10 கிராம்தான். ஒரு குவார்ட்டரைத் தீர்ப்பதற்கே ஆறு முதல் ஒன்பது மணி நேரம் வேண்டுமெனில், நாளொன்றுக்கு இரண்டு, மூன்று என்று குடிப்பவரின் ஈரலுக்கு இளைப்பாறும் வேளை ஏது?

மது எரியும்போது முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் பொருளாக மாறுகிறது. அது மதுவினும் கொடிய நஞ்சு. அதன் தாக்குதலால் ஈரலில் முதலில் கொழுப்பு படிகிறது. இந்நிலையில் குடியை விட்டால் சில வாரங்களிலேயே கொழுப்பு கரைந்து ஈரல் பழைய நிலையை அடையும். விடாது குடித்தால் ஈரல் அழற்சியும், அழற்சி ஆறுந்தோறும் தழும்பும் உண்டாகி, காலக்கிரமத்தில் மிருதுவான அந்த உறுப்பு முடிச்சு முடிச்சாக இறுகிச் சுருங்கிவிடுகிறது. ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு வைத்தியர் லாயென்னெக் 1819-ஆம் ஆண்டில் இதற்குச் சிரோசிஸ் என்று பெயரிட்டார்.

நெடுங்காலம் மிகையாகக் குடிப்போர் அனைவருக்கும் சிரோசிஸ் வருவதில்லை. நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கே வருகிறது. எண்பது வயது வரை குடித்தும் நலமாக இருந்த ஒரு பெரியவரைக் குடிப்பவர் தமக்குச் சான்றாகக் காட்டுவது இதனாலேதான். ஆனால் அந்தப் பத்திருபது பேருள் தாம் ஒருவரா அல்லரா என்பதை முன்கூட்டி அறிய எவராலும் இயலாது. மஞ்சள் காமாலைக் கிருமிகளுள் பி, சி வகைகள் உடலில் இருந்தாலும், உடற்பருமனோ நீரிழிவோ சேர்ந்தாலும் அபாயம் பெருகுகிறது. பெண்களின் உடலில் நீரின் விகிதம் குறைவாதலால், ஒரே அளவு மது அவர்கள் ரத்தத்தில் அதிகச் செறிவை அடைந்து, குறைந்த குடியிலும் குறைந்த காலத்திலும் ஈரலைக் கெடுக்கிறது. மனைவி குடிக்கும் இல்லங்களில் அவமானத்திற்கு அஞ்சி அதை மூடிவைப்பதால் நோய் மேலும் முற்றியே வெளிப்படுகிறது.

ஈரலின் உட்புறத்தில் வலியை உணரும் நரம்பில்லை. அதன் பெரும்பகுதி பழுதாகும் வரையில் எஞ்சிய பகுதி வேலையை எப்படியோ நடத்திவிடுகிறது. பரிசோதனைச் சாலையின் அறிக்கையும் சில வேளைகளில் ஏமாற்றும். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்னும் அளவுகள் ஈரல் அணுக்கள் சிதைவதைக் காட்டுபவை; முற்றிய சிரோசிஸில் சிதைவதற்கே அணுக்கள் குறைந்துவிடுவதால், அவ்வளவுகள் ஏறக்குறைய இயல்பாகவே இருக்கக்கூடும். “டெஸ்ட் எல்லாம் நார்மல்” என்று கொண்டாடி மறுபடியும் கடைக்குப் போவோர் இதை அறியார். ஆல்புமின், பிலிரூபின், ரத்தம் உறையும் நேரம், தட்டணுக்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் மருத்துவர் சேர்த்துப் பார்த்தால்தான் ஈரலின் மெய்யான நிலை தெரியும்.

வெளியே தெரியும் குறிகள்

குடல், மண்ணீரல் ஆகியவற்றின் ரத்தத்தைச் சுமந்து ஈரலுக்குள் நுழையும் பெருநாளம், இறுகிய ஈரலுக்குள் வழியின்றி முட்டி நிற்கிறது. மண் மூடி அடைபட்ட மதகின் முன்னே வாய்க்கால் நீர் தேங்கி, கரையின் பலமற்ற இடங்களை உடைத்துக்கொண்டு பக்கத்து வயல்களில் பாய்வதுபோல, அந்த ரத்தமும் உணவுக்குழாய், இரைப்பை, தொப்புள் ஆகிய இடங்களின் மெல்லிய நாளங்களில் புகுந்து அவற்றைப் புடைக்கச் செய்கிறது. முற்றிய நிலையின் அபாயங்களுள் பல இந்த ஒரு காரணத்திலிருந்தே பிறக்கின்றன.

முதலில் வயிற்றைக் கவனிக்க வேண்டும். வேட்டியின் சுற்று போதவில்லை, பேன்ட் கொக்கி மாட்டவில்லை என்பதைத் தொந்தி என்று பலர் எண்ணுவர். ஆனால் கொழுப்பால் பருத்தவருக்கு முகமும் தோளும் கையும் சேர்ந்து பருக்கும்; இவருக்கோ வயிறு மட்டும் வளர, தோள்பட்டை எலும்பு தெரிகிறது, கன்னப்பொறி குழிகிறது, புஜமும் தொடையும் குச்சியாகின்றன. படுத்திருக்கும்போது வயிறு இருபுறமும் சரிந்து பரவும்; தொப்புள் வெளியே துருத்தும். இதுவே நம் பழைய வைத்தியர்கள் மகோதரம் என்றும், ஊரார் வயிற்றில் நீர் கோத்தது என்றும் சொல்லும் நிலை. நாளத்தின் அழுத்தமும், ஆல்புமின் குறைவும், சிறுநீரகம் உப்பை வெளியேற்றாமல் நிறுத்திக்கொள்வதும் கூடியே அந்த நீரை விளைவிக்கின்றன. பாதமும் கணுக்காலும் வீங்கும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின்மேல் கட்டைவிரலைச் சற்று நேரம் அழுத்தி எடுத்தால், விரல் பதிந்த இடம் பள்ளமாகவே நிற்பதைக் காணலாம். நீர் கோத்த வயிற்றோடு காய்ச்சலோ வயிற்று வலியோ சேர்ந்தால், அந்த நீரில் கிருமி புகுந்துவிட்டது என்று கருதி அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அடுத்தது மஞ்சள். அதைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டுமேயன்றி மஞ்சள் விளக்கின்கீழ் பார்த்தல் ஆகாது. கீழிமையைத் தாழ்த்திக் கண்ணின் வெண்பகுதியையும், நாவை உயர்த்தச் சொல்லி அதன் அடிப்புறத்தையும் பார்த்தால் நன்கு புலப்படும். சிறுநீர் கடுந்தேநீர் நிறமாதலும், உடலெங்கும் அரிப்பெடுத்தலும் உடன் வரலாம். மார்பிலும் தோளிலும் நடுவே ஒரு புள்ளியும் அதிலிருந்து பிரியும் மெல்லிய சிவந்த கால்களுமாகச் சிலந்தி போன்ற ரத்தக்குழாய்க் குறிகள் தோன்றுதலும், உள்ளங்கையின் ஓரங்கள் சிவத்தலும் புத்தகங்களில் விரிவாகக் கூறப்படும் அடையாளங்கள். ஆனால் நம்மவரின் மாநிறத் தோலில் அவை எளிதில் தெரியமாட்டா. ஆதலால் அவற்றைக் காணவில்லையே என்று ஆறுதலடையலாகாது. ஆணின் மார்பு பெண்மார்பு போல் பருத்தலும் விரை சிறுத்தலும், ஹார்மோன்களைச் சமன்செய்யும் வேலையை ஈரல் கைவிட்டதன் விளைவுகள்; வெட்கத்தால் நோயாளி வைத்தியரிடம் கூறாத இவற்றை அறிந்திருப்பவர் வாழ்க்கைத் துணையே.

பல் துலக்கும்போது ஈறில் ரத்தம், காரணமின்றி மூக்கில் ரத்தம், எங்கோ இலேசாக இடித்துக்கொண்டதற்குக் கையளவு கன்றிப்போன நீலம் ஆகியவை, ரத்தம் உறையும் சக்தி குன்றியதைக் காட்டுகின்றன. இத்தகையவர் தள்ளாடி விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயம் சிறிதாயினும் மண்டைக்குள் ரத்தம் மெல்லக் கசிந்து, சில நாள் அல்லது சில வாரம் கழித்தும் மயக்கத்தை உண்டாக்கக்கூடும். விழுந்த நாளை நினைவில் வைத்து மருத்துவரிடம் சொல்லுதல் மிக அவசியம்.

எல்லாவற்றினும் கொடியது ரத்த வாந்தி. உணவுக்குழாயின் புடைத்த நாளம் எவ்வித முன்னறிவிப்புமின்றி வெடிக்கும். செந்நிற ரத்தமோ, காப்பிப் பொடி கலந்தாற்போன்ற கறுப்பு வாந்தியோ வரும். சிலருக்கு வாந்தியே இல்லாமல் மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, சகிக்கவொண்ணாத நாற்றத்துடன் போகும். அதுவும் ரத்தமே. அந்த நேரத்தில் சோடா கொடுப்பதும், மோர் கொடுப்பதும், விடியட்டும் என்று காத்திருப்பதும் உயிருக்கு உலை வைக்கும் செயல்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் ஒன்றும் ஊற்றாமல், 108 ஆம்புலன்சை அழைத்து, எண்டோஸ்கோப்பி வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இவற்றோடு நன்மைபோலத் தோன்றி ஏமாற்றும் ஒரு குறியையும் சொல்ல வேண்டும். பல்லாண்டு ஒரு புட்டியைக் கவிழ்த்தும் நிமிர்ந்து நடந்தவர், இப்போது அரை கிளாஸிலேயே சாய்ந்துவிடுகிறார். “இப்போதெல்லாம் அவர் முன்போலக் குடிப்பதில்லை” என்று மனைவி பெருமூச்சுவிட்டு, கும்பிட்ட தெய்வத்திற்கு நன்றி சொல்கிறாள். அந்தோ, குறைந்தது ஆசையன்று. மதுவை எரிக்கும் ஈரலின் சக்தி! இத்தகைய திடீர்க் குறைவைக் கண்டதும் மகிழ்வதை விட்டு, ஈரலைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

மூளை மயங்கும் இரண்டு வழிகள்

குடலில் புரதம் சிதையும்போது அம்மோனியா உண்டாகிறது. நல்ல ஈரல் அதை யூரியாவாக மாற்றிவிடும். கெட்ட ஈரலைத் தாண்டி அது மூளையை அடையும்போது அறிவு படிப்படியாக மங்குகிறது. இந்த மயக்கத்தின் தொடக்கத்தை எந்த வைத்தியருக்கும் முன்பாக மனைவி காண்கிறாள். இரவெல்லாம் விழித்து வீட்டுக்குள் உலாவிவிட்டுப் பகலெல்லாம் தூங்குவார். சட்டைப் பொத்தானை ஒன்றுமாற்றி ஒன்று போடுவார். பாங்கிச் செலானில் இட்ட கையெழுத்து முந்தைய கையெழுத்தோடு ஒவ்வாது. பழகிய கணக்கில் தடுமாறுவார். சாந்த சுபாவமுள்ளவர் சீறுவார், சீறுபவர் சிறுபிள்ளைபோல் சிரிப்பார். இரு கைகளையும் முன்னே நீட்டி, ஒருவரை நிற்கச் சொல்லிச் சைகை செய்வதுபோல் மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கச் சொன்னால், சில நொடிகளில் கைகள் தாமாகவே சட்டென்று விழுந்து எழுந்து, மீண்டும் விழும். மது அருந்தாத நாளிலும் இந்தக் கோலம் காணப்பட்டால் அது போதை அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. மலச்சிக்கல், காய்ச்சல், உட்கசிவு, வாந்திபேதியால் நீர் வற்றுதல், தூக்க மாத்திரை ஆகிய ஒவ்வொன்றும் இம்மயக்கத்தை ஒரே இரவில் ஆழ்ந்த உணர்விழப்பாக மாற்றவல்லது.

இதற்காக மருத்துவர் லாக்டுலோஸ் என்னும் பாகுமருந்தைக் கொடுக்கிறார். அது நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை இளகலாக மலம் போகச் செய்து, குடலிலேயே அம்மோனியாவைப் பிடித்து வெளியேற்றுகிறது. “ஏற்கெனவே இளைத்தவருக்கு இது என்ன பேதி மருந்து?” என்று வீட்டார் இரக்கத்தால் அதை நிறுத்திவிடுவதும், நான்காம் நாள் அவரை மயக்கத்தோடு தூக்கிவருவதும் மருத்துவமனைகள் நன்கறிந்த சம்பவங்கள். அளவில் ஐயமிருந்தால் மருத்துவரைக் கேட்டு மாற்றலாம், தாமாக நிறுத்தலாகாது.

இரண்டாவது மயக்கம் ஈரலால் வருவதன்று. தயமின் என்னும் பி-1 வைட்டமின் வற்றிப்போவதால் வருவது. 1881-ஆம் ஆண்டில் ஜெர்மானிய வைத்தியர் கார்ல் வெர்னிக்கே மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். இருவர் குடிகாரர், மூன்றாமவரோ கந்தக அமிலத்தை விழுங்கியபின் உணவு தங்காது ஓயாமல் வாந்தியெடுத்த ஒரு பெண். மூவர்க்கும் கண்ணசைவு பழுதாயிற்று, நடை தடுமாறிற்று, சித்தம் கலங்கிற்று. குடிகாரர்க்கும் அந்தப் பெண்ணுக்கும் பொதுவாக இருந்தது ஊட்டமின்மையே என்பது பிற்காலத்தில்தான் விளங்கியது. நம் நெல்லூரில், அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த 1886-ஆம் ஆண்டில், பாதிரிமார் குடும்பத்தில் பிறந்த ராபர்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்க ரசாயன அறிஞர், 1936-இல் தயமினைச் செயற்கையாக ஆக்கும் முறையைக் கண்டபின் அது மலிவான மருந்தாயிற்று.

மனித உடலில் தயமின் சேமிப்பு சுமார் 30 மில்லிகிராமே. உணவில் வராவிட்டால் இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். சோற்றைத் தள்ளிவிட்டுச் சுண்டலும் ஊறுகாயுமாகக் காலங்கழிக்கும் குடிநோயாளிக்கு, வரும் சிறிதளவையும் குடல் ஏற்பதில்லை. பார்வை இரண்டாகத் தெரிதல், கருமணி ஓரிடத்தில் நில்லாது துடித்தல், காலை அகட்டிவைத்து நடத்தல், நேற்று நடந்தது அறியாமை ஆகியவை இதன் குறிகள்; கண், நடை, சித்தம் ஆகிய மூன்றும் ஒருசேரப் பழுதாகக் காணப்படுவது சிலரிடத்திலேயே. உடனே ஊசி மூலம் தயமின் கொடுத்தால் கண்ணும் தெளிவும் வியக்கத்தக்க வேகத்தில் மீளும். கொடாமல் விட்டால், ரஷ்ய வைத்தியர் கோர்சகாவ் 1887-இல் விவரித்த நிலையான மறதி வந்து சேரும். அந்த நோயாளி பழையவற்றை நினைவுகூர்வார். புதியது எதுவும் மனத்தில் தங்காது. இடைவெளியை நிரப்ப, நடவாதவற்றை நடந்ததாகவே நம்பிக் கூறுவார். அதைப் பொய் என்று கடிந்துகொள்ளுதல் நியாயமன்று. பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் எஞ்சிய தயமினும் செலவாகி நிலைமை கெடக்கூடுமாதலால், உள்ளூர்க் கிளினிக்கில் டிரிப்ஸ் ஏற்றுமுன் “இவர் குடிப்பவர், பல நாளாகச் சாப்பிடவில்லை” என்று மனைவி சொல்லும் ஒரு வாக்கியம் மிகப்பெரிய உபகாரமாகிறது.

மூளையோடு கைகால் நரம்புகளும் கெடுகின்றன. பாதம் எரிகிறது, பஞ்சின்மேல் நடப்பதுபோல் இருக்கிறது என்பார். காலிலிருந்து செருப்பு கழன்று பின்னே கிடக்க, அதை அறியாமல் நான்கடி நடந்துபோவார். கணையம் கெட்டவர் வயிற்றின் மேற்புறத்தில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவும் வலியால் முன்புறம் குனிந்தே உட்கார்ந்திருப்பார். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கும். இதயத்தசை நலிந்தவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும்; படுத்தால் திணறும். உண்ணாமல் குடித்துப் படுத்தவருக்கு விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி உணர்வு தப்பினால், ரத்தத்தில் சர்க்கரை வீழ்ந்திருக்கலாம். அதுவும் உடனே கவனிக்கத்தக்கது.

திடீரென நிறுத்துவதன் ஆபத்து

பல்லாண்டுக் குடியால் அடங்கிக்கிடக்கப் பழகிய மூளை, அந்த அடக்கத்தை எதிர்த்துச் சமநிலை காக்கத் தன் கிளர்ச்சியைப் பெருக்கிவைத்துக்கொள்கிறது. மது திடீரென்று நின்றால் கிளர்ச்சி மட்டும் எஞ்சுகிறது. கடைசியாகக் குடித்ததிலிருந்து ஆறு மணி நேரம் முதல் ஒரு நாளைக்குள் கைநடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே, போர்வையில் பூச்சி ஊர்வதாகத் தடவியெடுத்தும், சுவரில் ஆட்கள் நிற்பதாகக் கூவியும் சித்தபிரமை ஏற்படலாம். சிகிச்சையின்றி விட்டால் இப்பிரமை உயிரையும் கொள்ளும். சிகிச்சை பெற்றவர்களுள் மிகப் பெரும்பாலோர் பிழைக்கின்றனர்.

கோயிலுக்கு மாலையணிந்து விரதம் தொடங்கும் நாளில் குடியை அடியோடு நிறுத்துவோரும், காலெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்ததால் குடி கிடைக்காமற்போவோரும் மூன்றாம் நாள் இவ்விபத்தில் சிக்குவது உண்டு. அதைப் பேய் பிடித்ததாகவோ ஆபரேஷன் கோளாறாகவோ எண்ணி வீட்டார் கலங்குகின்றனர். விரதம் பூணும் மனவுறுதி போற்றத்தக்கது; அதைக் கெடுக்க வேண்டியதில்லை. நாள்தோறும் குடிப்பவர், காலையில் நடுக்கம் தீரக் குடிப்பவர், முன்பு வலிப்பு வந்தவர் ஆகியோர் மருத்துவரின் பார்வையில் மருந்தோடு நிறுத்தினால் விரதமும் நிலைக்கும், உயிரும் நிலைக்கும்.

துணைவர் செய்யத்தக்கவையும் தகாதவையும்

நோயாளிக்குத் தெரியாமல் சோற்றிலோ காப்பியிலோ கலந்து கொடுக்கும் பொடியையும் மாத்திரையையும் நம்பிப் பணத்தை இழக்கும் மனைவியர் பலர். அவற்றுள் டைசல்ஃபிரம் என்னும் மருந்து இருக்குமாயின், அறியாமல் குடித்தவருக்கு முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து, நலிந்த ஈரலும் இதயமும் உள்ளவரின் உயிரே போகக்கூடும். 1948-இல் டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர் உலகுக்கு அறிவித்த அம்மருந்து நல்ல மருந்தே. ஆனால் நோயாளி அறிந்து, சம்மதித்து, மருத்துவர் பரிசோதித்துக் கொடுக்கும்போது மட்டுமே. மெடிக்கல் ஷாப்பில் தாமாக வாங்கும் வலி மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் ஈரல் கெட்டவருக்கு ஆகா.

மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லி கொடுத்து, கஞ்சியும் மோருமாகப் பத்தியம் வைத்து வாரக்கணக்கில் காத்திருப்பதும் தீங்கு. நீர் கோத்தவருக்கு உப்பைக் குறைப்பது சரி. ஆகாரத்தைக் குறைப்பது தவறு. தசை உருகிக்கொண்டிருக்கும் அவருக்குப் பருப்பு, பால், முட்டை முதலிய புரத உணவு வழக்கத்தினும் சற்று அதிகமாகவே தேவை. இரவு நெடுநேரம் வெறுவயிறாக இராதபடி படுக்குமுன் சிறிது உண்பதும் நலம்.

மருத்துவரைக் காணும்போது, என்று முதல் குடி, நாளொன்றுக்கு எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எப்போது, மலத்தின் நிறம், தூக்கத்தின் முறை, விழுந்தது உண்டா, எந்தெந்த மாத்திரை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். நோயாளியின் முன்னிலையில் சொல்லத் தயக்கமாயின், அந்தத் தாளை நர்ஸிடம் கொடுத்தாலும் போதும். குடும்ப மானத்தை எண்ணிக் குடியை மறைத்தால், சிகிச்சை முழுவதும் தவறான வழியில் போய்விடும்.

இத்தனைக்கும் பிறகு பயன் உண்டா என்று கேட்பீர்களாயின், உண்டு என்பதே விடை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பவல், கிளாட்ஸ்கின் என்னும் இரு வைத்தியர்கள் சிரோசிஸ் நோயாளிகளை ஆராய்ந்து 1968-இல் வெளியிட்ட கணக்கின்படி, குடியை விட்டவர்களுள் நூற்றுக்குச் சுமார் 63 பேர் ஐந்தாண்டுக்குப் பின்னும் உயிரோடிருந்தனர். விடாதவர்களுள் சுமார் 40 பேரே. அக்காலத்தில் இன்றுள்ள மருந்துகளுமில்லை. ஈரல் மாற்றுச் சிகிச்சையும் பரவவில்லை. இன்று அச்சிகிச்சை உண்டு. ஆயினும் பல மருத்துவமனைகள் அதற்கு முன்பாகச் சில மாதங்கள் குடியின்றி இருந்ததைக் கேட்கின்றன. எந்த வழியில் சென்றாலும் முதற்படி ஒன்றே.

அப்படி ஒருவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்பவருக்கும் கைப்பிடி வேண்டும். கணவரைக் குடிநோய்க்கு இழந்த சாந்தி ரங்கநாதன் அவர்கள், அத்துயரத்தோடு ஒதுங்கிவிடாமல், 1980-இல் சென்னையில் தம் கணவர் பெயரால் நிறுவிய சிகிச்சை நிலையம், நோயாளியோடு குடும்பத்தாரையும் சேர்த்தே சிகிச்சைக்கு உட்படுத்தியது. 1992-இல் பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது. அமெரிக்காவில் குடிநோயரின் மனைவியர் கூடித் தொடங்கிய அல்-அனான் குழுக்கள் 1951 முதல் அமைப்பாக இயங்கிவருகின்றன. நம் ஊர்களிலும் அவை உண்டு. துணைவர் குடித்ததற்கு நீங்கள் காரணமல்ல. அவரைத் தனியாக நின்று மீட்கும் கடமையும் உங்களுடையதன்று. அடியும் அவமதிப்பும் உள்ள வீட்டில் முதலில் உங்களையும் பிள்ளைகளையும் காத்துக்கொள்ளுங்கள்.

அவ்வாறு காத்துக்கொண்டபின், உங்கள் கண்ணால் கண்டதை நம்புங்கள். கண் மஞ்சளாயிற்று, வயிறு பெருத்துக் கை மெலிந்தது, மலம் கறுத்தது, இரவும் பகலும் மாறின, பேச்சு குழறியது என்று இவற்றுள் ஒன்றைக் கண்டாலும், போதை தெளியட்டும் என்று காத்திராதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். கண்டதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.